சுத்தமாக்கிய நிலத்தில் முருங்கை நடலாமா?

கேள்வி: சிட்னி, ஹோம்புஷ் வெஸ்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், மூன்று வயது மகள், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா. வாங்குவதற்கு ரோட்ஸில் ஹோம்புஷ் குடாவைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. அந்த இடம் முன்பு இரசாயனத் தொழிற்சாலை, வியட்நாம் போரில் தெளித்த மருந்தின் நஞ்சு அங்கே இருந்தது என்று என்னோடு வேலை செய்பவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஏஜென்டைக் கேட்டால் "இப்போது நூறு வீதம் கிளீன்" என்கிறார். கணவர் இதை விட்டுவிட்டு கிரான்வில் பக்கம் பின்வளவோடு ஒரு பழைய பலகை வீடு பார்ப்போம் என்கிறார். அம்மாவுக்கும் அதுதான் ஆசை. முருங்கை, கத்தரி வைக்கலாம், நாலு கோழி வளர்க்கலாம் என்கிறா. ரோட்ஸ் கிடைத்தால் குடாவில் தூண்டில் போடலாம் என்பது கணவரின் இன்னொரு கனவு. எது பாதுகாப்பு?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த இடம் அந்த நாலு கோழி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் நித்திரைக்கு ஒரு பதில். முறையாகச் சீரமைத்து, தணிக்கையும் முடிந்த நிலத்தின் மேல் மூன்றாம் மாடியில் குடியிருப்பதால் மண்ணுக்குள் மிஞ்சியிருக்கும் டயொக்சின் என்ற அந்த நஞ்சு உங்கள் மகளின் உடம்புக்குள் போய்விடும் என்று நான் பயப்பட மாட்டேன். கடதாசியைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் ஓட வேண்டியதும் இல்லை.

உங்களோடு வேலை செய்பவர் சொன்னது கட்டுக்கதை அல்ல. ரோட்ஸ் முனையில் யூனியன் கார்பைட் 1957 முதல் 1976 வரை களைகொல்லிகள் செய்தது. அவற்றில் ஒன்று 2,4,5-டி. ஏஜென்ட் ஒரேஞ்ச் என்று வியட்நாம் காட்டில் தெளித்த கலவையில் பாதி அந்த மருந்துதான். அதைக் காய்ச்சும்போது யாரும் கேட்காமலே கூடப் பிறப்பது டயொக்சின். தொழிற்சாலைக்கு இடம் போதாமல் போகக் கரையைக் கடலுக்குள் நீட்டினார்கள். நிரப்பியது தங்கள் சொந்தக் கழிவைக் கொண்டே. அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. சேறும் சதுப்புமாகக் கிடந்த குடா, குப்பை கொட்டுவதற்கென்றே படைக்கப்பட்டது என்று நினைத்தவர்கள்தான் அதிகம். பழைய கப்பல்களைக்கூட உடைப்பதற்கு அங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். கண்டல் மரம் முளைத்து நிற்கும் ஏர்ஃபீல்ட் கப்பலைப் படம் பிடிக்கச் சனம் போகிறதே, அது அந்தக் காலத்து மிச்சம்.

2000களில் அந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். பெரிய உலைக்குள் விட்டுச் சூடாக்கினார்கள். மண்ணில் ஒட்டியிருந்த நஞ்சு ஆவியாகக் கிளம்ப, அந்த ஆவியைத் தனியாகப் பிடித்து அழித்தார்கள். ஆறிய மண்ணைச் சோதித்துவிட்டுத் திரும்ப நிரப்பினார்கள். ஊரில் கச்சான் வறுப்பவர் மணலைச் சட்டியில் கொதிக்கவிட்டுப் பிரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கச்சான் இல்லை, மணலைத்தான் வறுத்தார்கள் என்று நான் வீட்டில் விளங்கப்படுத்துவதுண்டு. கரையோரச் சேற்றிலும் மிக மோசமான பகுதியை அள்ளி எடுத்தார்கள். குடா முழுவதையும் அள்ளவில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், தூண்டில் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

இவ்வளவு செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த ஜன்னலில் தெரியும் தண்ணீரிலிருந்துதான். துறைமுகக் கரையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம் அது, நல்ல விலை போகும். யூனியன் கார்பைட் என்ற பெயரைக் கேட்டதும் போபால் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 1984 டிசம்பர் இரவுக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலை வளவுக்குள் கிடந்த கழிவில் 337 தொன் 2025 ஜனவரியில்தான் எரிப்பதற்காகப் பீதம்பூருக்கு லொறி ஏறியது. நாற்பது வருடம்! அந்த வளவைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் அப்படியே. ஒரே பெயர்ப்பலகை தொங்கிய இரண்டு நிலங்கள். ஒன்றில் கண்ணாடி மாடிகள், மற்றதில் துருப்பிடித்த தாங்கிகள். நஞ்சு எவ்வளவு என்பதைவிட நிலம் என்ன விலை போகும் என்பதுதான் பல இடங்களில் சீரமைப்பைத் தீர்மானிக்கிறது. முப்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறவன் சொல்கிறேன், இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சரி, ஏஜென்டிடம் வருவோம். "நூறு வீதம் கிளீன்" என்று எங்கள் தொழிலில் ஒரு சொல் கிடையாது. எதற்குக் கிளீன் என்றுதான் கேட்போம். உதாரணத்துக்கு ஈயத்தை எடுங்கள். அவுஸ்திரேலிய வழிகாட்டலில் ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் ஈயம் வரை கவலைப்படத் தேவையில்லை என்பதற்கு ஒரே ஓர் எண் இல்லை, நாலு எண்கள் இருக்கின்றன. தோட்டத்தோடு கூடிய தனி வீட்டுக்கு 300. பூங்காவுக்கு 600. மண்ணைத் தொட வாய்ப்பில்லாத தொடர்மாடிக்கு 1200. கடை, தொழிற்சாலைக்கு 1500. அதே மண், அதே ஈயம். 1000 மில்லிகிராம் உள்ள நிலத்தைத் தொடர்மாடிக்கு ஏற்றது என்று நான் கையெழுத்து வைத்துக் கொடுக்கலாம். அதே நிலத்தில் ஒரு சின்னத் தோட்ட வீடு கட்டினால் முடியாது. பிள்ளை மண்ணில் விளையாடுமா, எத்தனை மணி நேரம், கையை வாயில் வைக்குமா, அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடுமா என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்கள் வந்திருக்கின்றன.

அந்தத் தோட்ட வீட்டு எண்ணுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. வீட்டார் சாப்பிடும் மரக்கறி, பழத்தில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகத்தான் சொந்த வளவிலிருந்து வரும் என்பது அது. கோழி இல்லை என்பதும் அந்தக் கணக்கின் பகுதிதான். அதை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்து அம்மாக்களைக் கண்டதில்லை. வளவில் முருங்கையும் முளைக்கீரையும் வல்லாரையும் இருந்தால் எங்கள் வீடுகளில் கிழமைக்கு எத்தனை நாள் கீரை? அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்பதை நாமேதான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். பழைய தொழிற்சாலை நிலம் ஒன்றில் கட்டிய வரிசை வீடுகள். முழு மண்ணையும் எடுக்கவில்லை. மேலே அரை மீற்றர் நல்ல மண், அதற்குக் கீழே ஒரு செம்மஞ்சள் பிளாஸ்ரிக் வலை, வலைக்குக் கீழே பழைய மண். அந்த வலை ஒன்றையும் தடுக்காது. அது ஒரு செய்தி, அவ்வளவுதான். என்னைக் கண்டால் தோண்டுவதை நிறுத்து என்று வருங்காலத்து மண்வெட்டிக்கு எழுதிய கடிதம். வருடாந்தப் பரிசோதனைக்குப் போனேன். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வடிவான பாகல் பந்தல். காய் தொங்குகிறது. பந்தலுக்குக் கொடி படர விட்டிருந்தது அந்தச் செம்மஞ்சள் வலையை! வீட்டுக்காரப் பெரியவர், நம்மவர்தான், மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னார்: "கிடங்கு வெட்டேக்க கீழ இருந்து வந்தது தம்பி, நல்ல உறுதியான வலை, சும்மா ஏன் எறிவான்?" பக்கத்தில் ஒரு வாழை. கிடங்கின் ஆழம் முக்கால் மீற்றர். எனக்குப் போகும்போது ஒரு பை பாகற்காயும் தந்தார்.

பிழை அவருடையது இல்லை. வீட்டை விற்றவர்கள் அவருக்கு ஒரு தடித்த கோவையைக் கொடுத்திருந்தார்கள், ஆங்கிலத்தில், இருநூறு பக்கம். வலை என்றால் என்ன என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அந்தக் கோவையில் ஒரு பகுதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்தில் "இந்த வளவில் எத்தனை சாண் வரை தோண்டலாம்" என்பதை ஒரு வரியில் எழுதுகிறேன்.

இனி மூன்றாம் மாடி. மண்ணில் இருக்கும் நஞ்சு ஆளிடம் வர மூன்று வழிதான்: வாய், மூச்சு, தோல். டயொக்சின் தண்ணீரில் கரையாது, சாதாரண சூட்டில் ஆவியாகாது. மண் துகளோடு உடும்புப்பிடி பிடித்துக்கொண்டு இருக்கும். மேலே கொங்கிறீற், கீழே கார் தரிப்பிடம், குழாயில் வருவது நகரத் தண்ணீர். வழி அடைபட்டு விட்டது. பெற்றோல் நிலையம், உலர்சலவைக் கடை இருந்த நிலமென்றால் நான் வேறு மாதிரிக் கதைப்பேன். அந்த எண்ணெய்களும் கரைப்பான்களும் ஆவியாகித் தரை வெடிப்புகளூடாக வீட்டுக்குள் ஏறும். அங்கே கீழ்த்தளத்துக் காற்றைச் சோதித்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

பல்கனியில் அம்மா தாராளமாகச் சாடி வைக்கலாம். கடையில் வாங்கும் மண் கலவைதானே. கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வரும். முருங்கையைச் சாடியில் வைத்து நுனி கிள்ளிக் கிள்ளிக் கீரைக்கு மட்டும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: அந்த மண் பையைத் திறக்கும்போது முகக்கவசம் போடச் சொல்லுங்கள். லீஜியோனெல்லா என்ற கிருமி அதற்குள் இருக்கலாம், பையிலேயே அச்சடித்திருப்பார்கள். வயதானவர்களுக்கு அது டயொக்சினைவிடக் கிட்டத்து ஆபத்து.

தூண்டில்? வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டயொக்சின் வீட்டுக்குள் வராததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் மீனுக்குள் போவதற்கும். சேற்றோடு ஒட்டியிருக்கிறது. சேற்றைப் புழு தின்கிறது, புழுவை இறாலும் சிறு மீனும், அவற்றைப் பெரிய மீன். கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும், கழியாது. 2006இல் சிட்னித் துறைமுகத்தில் வியாபார மீன்பிடியை நிறுத்தினார்கள். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீன், நண்டு, இறால் எதையும் சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. ரோட்ஸ் அந்த மேற்கிலும் நஞ்சு தொடங்கிய இடம். மேலே நிலம் விலைபோகும் என்பதால் வறுத்துச் சுத்தம் செய்தார்கள். சேற்றுக்கு யார் விலை கொடுப்பார்? கணவருக்கு ஆசை தீராவிட்டால் கடலோரமாகப் போகட்டும். குடாவில் பிடித்து விளையாட்டாகத் திரும்ப விடுவது என்றாலும், ஹோம்புஷ் குடாவுக்குள் எங்கே தடை என்று பலகையைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

பெனலோங் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஒலிம்பிக் பூங்காவுக்கு மகளைக் கூட்டிப் போவீர்கள். அங்கே ஏறி இறங்கி விளையாடும் பச்சைக் குன்றுகளில் சில இயற்கைக் குன்றுகள் அல்ல. 760 ஹெக்டயரில் ஏறக்குறைய 400 ஹெக்டயர் முழுக்க கொட்டிக் கிடந்த 90 இலட்சம் கன மீற்றர் கழிவை 1990களில் கூட்டிக் குவித்து, களிமண்ணால் மூடிப் புல் வளர்த்தவை. இங்கே பெரும்பாலும் மண்ணை வறுக்கவில்லை, நஞ்சை ஒரே இடத்தில் அடைத்துக் காவல் வைத்தார்கள். மழை நீர் உள்ளே இறங்கினால் வரும் கசிநீரைக் குன்றைச் சுற்றியுள்ள வடிகால்களில் பிடித்து இன்றும் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். அது நிற்கும் நாள் என்று ஒன்று இல்லை. செங்கலுக்கு மண் எடுத்த பழைய குழிக்குள் 1992இல் அருகிவரும் பச்சைத் தவளைகளைக் கண்டு, அங்கே கட்ட இருந்த டெனிஸ் அரங்கையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மகளுக்கு அந்தக் குழியின் மேலுள்ள வளைய நடைபாதையைக் காட்டுங்கள், தவளைச் சத்தம் கேட்கும். புல்லில் உருளட்டும், ஒன்றும் ஆகாது. மூடி ஒழுங்காக இருக்கும் வரைக்கும்தான் இந்த "ஒன்றும் ஆகாது" என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அடைத்து வைத்த நிலத்துக்கு யார் காவல், எந்தக் காசில், எத்தனை காலம் என்பதுதான் கேள்வி. அங்கே அரச அதிகாரசபை பொறுப்பு. நீங்கள் வாங்கும் கட்டடத்தில்?

அதற்குத்தான் கடதாசி. நியூ சவுத் வேல்ஸில் விற்பனை ஒப்பந்தத்தோடு 10.7 சான்றிதழ் என்று ஒன்று கட்டாயம் இணைத்திருக்க வேண்டும். பழைய ஆட்கள் 149 என்பார்கள். மாசு பற்றிய உத்தரவு ஏதும் நிலத்தின் மேல் இருக்கிறதா, "சைட் ஓடிட் ஸ்டேட்மென்ட்" என்ற தணிக்கை அறிக்கை இருக்கிறதா என்பது அதில் வரும். இருந்தால் சட்டத்தரணியிடம் சொல்லி அந்த அறிக்கையை எடுப்பியுங்கள். அதில் எந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் குறியிட்டிருப்பார்கள். உங்கள் கண் போக வேண்டிய இடம், நிபந்தனை இல்லாமல் ஏற்றதா, இல்லை ஒரு பராமரிப்புத் திட்டத்துக்கு உட்பட்டு ஏற்றதா என்பது. இரண்டாவது என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். மூடியைப் பார்ப்பது, நீர் மாதிரி எடுப்பது, தோண்டுமுன் அனுமதி கேட்பது எல்லாம் காலப்போக்கில் ஸ்ட்ராட்டாவின் தலையில்தான் விழும். ஸ்ட்ராட்டா என்றால் கட்டடத்து வீட்டு உரிமையாளர்களின் சங்கம், அதாவது நீங்களும் பக்கத்து வீட்டாரும். கூட்டக் குறிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட ஐந்து வருடமாக இல்லை என்றால், மண்ணைவிட அந்த மௌனம்தான் எனக்குக் கவலை தரும்.

இப்போது கோழி.

கிரான்வில் பலகை வீட்டுக்கு இப்படி ஒரு கடதாசியும் இருக்காது. தொழிற்சாலை இருந்ததில்லை, ஆகவே யாரும் சோதித்ததில்லை. ஆனால் 1970க்கு முந்திய பெயின்டில் ஈயம் கடுமை. ஐம்பது வருடமாக அதைச் சுரண்டிச் சுரண்டிப் புதுசு அடித்திருப்பார்கள். சுரண்டியது சுவரோரத்தில்தான் கிடக்கிறது. ஈயப் பெற்றோல் இந்த நாட்டில் 2002இல்தான் முடிந்தது. அதன் புகை பெருந்தெருக்களின் இரு பக்கமும் படிந்திருக்கிறது. ஈயம் கரைந்தோ அழிந்தோ போவதில்லை. மக்குவாரி பல்கலைக்கழகத்தின் வெஜ்சேஃப் என்ற மண் பரிசோதனைத் திட்டத்துக்குச் சிட்னி வீட்டார் அனுப்பிய தோட்ட மண்ணில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு வீடு அந்த 300ஐத் தாண்டியிருந்தது. கோழி என்ன செய்யும்? நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்தும். சிட்னி வளவுக் கோழிகளின் முட்டையில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்ததாக அதே பல்கலைக்கழகத்தார் 2022இல் சொன்னார்கள். வளரும் மூளைக்கு ஈயம் கூடாது. அந்த முட்டையை "ஊர் முட்டை" என்று ஆசையோடு அவித்துக் கொடுக்கப் போவது மூன்று வயதுப் பிள்ளைக்கு.

ஆகவே உங்கள் கணவர் நஞ்சிலிருந்து தப்பப் போகும் இடத்தில் நஞ்சு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் பயப்படும் இடத்தில் என்ன இருந்தது, எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நானென்றால், கடதாசி சரியாக இருந்தால் ரோட்ஸை எடுப்பேன். அம்மாவின் வளவு ஆசை பெரிது என்றால் கிரான்வில்லும் நல்லதுதான், ஆனால் சோதித்துவிட்டு.

விற்பவரிடம் கேட்டுவிட்டு நாலு இடத்தில் மேல் மண்ணை மட்டும் சுரண்டி எடுங்கள்: சுவரோரம், தெருப்பக்கம், பின்வளவின் நடு, அம்மா கத்தரி வைக்க நினைக்கும் இடம். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு இடத்தை எழுதி மண்ணைச் சோதிக்கும் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கூடினால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்றில்லை. உயர்த்திக் கட்டிய பாத்தியில் வாங்கிய மண்ணைப் போட்டு மரக்கறி வைக்கலாம், வெறும் மண்ணைப் புல்லாலோ மரச்சீவலாலோ மூடலாம். முருங்கையின் வேர் ஆழம் போகும், அதற்குச் சுவரோரத்தை விட்டுத் தள்ளி இடம் பாருங்கள். கோழிக் கூட்டுக்கு மட்டும் இப்போதே பலகை வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பெறுபேறு வந்ததும் எண்களை எனக்கு அனுப்பிவையுங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கதைப்போம்.

அன்புடன்,
மாசுநில ஆலோசகர்